விளக்கைத் திறந்தவர்

அன்பு மகளுக்கு,

சீனாவிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தாய். ஒரு மாணவர் ‘ஓப்பன் த லைட்’ என்றதும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதன்பின் அவர் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று வருந்தியிருந்தாய்.

அவர் யோசிக்காமல் பேசவில்லை, சீனத்தில் யோசித்துப் பேசினார். திறப்பதற்கு அவர்கள் மொழியில் ‘கை’ என்பார்கள். மூச்சுவிட்டு, உயர்ந்த சுருதியில் சொல்ல வேண்டும். அதன் பழைய எழுத்தில் ஒரு கதவும், தாழ்ப்பாளை நீக்கும் இரு கைகளும் உண்டு. 1956-இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவு போய்விட்டது. பொருளோ வெகுகாலம் முன்பே கதவைத் தாண்டியிருந்தது. விளக்கைப் போடுவது, காரை ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது, மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவது எல்லாமே ‘கை’தான். மகிழ்ச்சிகூட ‘கைசின்’, நெஞ்சு திறப்பது.

நாம் மட்டும் என்ன? விளக்கு, சட்டை, டீ, சண்டை, கையெழுத்து எல்லாவற்றையும் ‘போடு’கிறோம். ‘புட் த லைட்’ என்று சொல்லி ஆசிரியரிடம் திட்டு வாங்கியவன் நான்.

ஆங்கில ‘ஓப்பன்’ கதவு, புத்தகம், கடை, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு சேரும். விளக்குக்கு ‘டர்ன் ஆன்’, காருக்கு ‘டிரைவ்’, கூட்டத்துக்கு ‘ஹோல்ட்’. விளக்கில் செய்யும் பிழை உடனே தெரிந்துவிடும். ‘ஓப்பன் த கார்’ அப்படியல்ல; இலக்கணம் சரி, ஆனால் கார் நகராது, அதன் கதவுதான் திறக்கும். ‘ஓப்பன் த மீட்டிங்’ என்றால் கூட்டத்தைத் தொடங்கிவைப்பது மட்டுமே. இந்த இரண்டிலும்தான் நீ நின்று நிதானமாக விளக்க வேண்டும்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பட்டியல் கொடுக்காதே. ‘டர்ன் ஆன் த லைட்’ என்பதை ஒரே சொல்லாகப் பழக்கு. கூடவே ‘டர்ன் ஆஃப்’ என்பதையும் சொல்லிக்கொடு. இல்லாவிட்டால் நாளைக்கு அவர் விளக்கை ‘குளோஸ்’ செய்வார், சீனத்தில் மூடுவதும் அணைப்பதும் ஒரே சொல். பிழை வரும்போதெல்லாம், ‘உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேள். பதிலிலேயே பிழையின் வேர் கிடைத்துவிடும்.

இன்னொன்று: பேசத் தொடங்குவதைச் சீனரும் நம்மைப் போலவே ‘வாய் திறப்பது’ என்றுதான் சொல்கிறார்கள். நாளைக்கு அவரிடம் அதிலிருந்தே தொடங்கு.

அன்புடன்,
சித்தப்பா