கடைத்தெருவில் ஒரு மார்க்கெட்டிங் வகுப்பு

விளையாட்டு மார்க்கெட்டிங்கை பவர்பாயிண்டிலேயே நடத்தி முடித்துவிடலாம். மாணவர்கள் தேறியும் விடுவார்கள். ஆனால் ஒரு கடைக்காரரிடம் ஐயாயிரம் ரூபாய் கேட்டு வாங்கத் தெரியாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும் உடற்கல்வியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இப்படி வாய்த்த ஆசிரியர், ஆண்டுக்கு ஒரு கபடிப் போட்டியை வகுப்பிடமே ஒப்படைத்துவிடலாம்.

முதலில் தேதி. ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். கடலூர் மாவட்டத்து மழை தெரிந்ததுதானே. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை நல்லது. மைதான அனுமதிக்கும் முதலுதவிக்கும் அப்போதே இருவரை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது பணம். பாடமே இங்கேதான். முதல் பரிசு இன்னார், சுழற்கோப்பை இன்னார் நினைவாக என்று ஊர்க் கபடி நோட்டீஸ் முழுக்கப் பெயர்கள் இருக்கும். கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் யாரும் கணக்குச் சொல்வதில்லை. வகுப்பை நான்கு குழுவாக்கி, கீழ வீதி, மேல வீதி, தெற்கு, வடக்கு எனப் பிரித்து அனுப்புங்கள். "அண்ணே, காலேஜ் மேட்ச், பாத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்கக் கூடாது. "அண்ணே, 20 நிமிஷ ஆட்டம் முடிஞ்சா 5 நிமிஷம் இடைவேளை. அது பூரா மைக்ல உங்க கடைதான். எங்க சீட்டோட வர்றவங்களுக்கு ஜூஸ்ல 5 ரூபா குறைச்சுக் குடுங்க. எத்தனை சீட்டு வந்துச்சுன்னு எண்ணி நாங்களே காட்டுறோம்" என்று பேச வேண்டும். பெரிய ஜவுளிக்கடையைவிட ஜூஸ் கடை, டிபன் கடை, செல்போன் கடைக்கு முதலில் போவது மேல். முதலாளியே கல்லாவில் இருப்பார்.

விளம்பரத்துக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண்ணின் உயிரே போனது. அதே சென்னையில் 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தில் சதுரங்கக் கட்டம் வரைந்தார்கள். பாலம் நமக்குக் கிடைக்காது. விடுதி மெஸ் வாசல் கிடைக்கும். அனுமதி வாங்கி, 13க்கு 10 மீட்டரில் சுண்ணாம்பால் களம் போடுங்கள். கடலூர் மாணவர்கள் முந்தைய ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் ஒரு காட்சி ஆட்டம் ஆடட்டும்.

போட்டியன்று அரை மணிக்கொரு முறை ஒரே இடத்தில் நின்று தலையெண்ண வேண்டும். வெளியே வருபவர்களிடம் எப்படித் தெரிந்து வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு தாளுடன் கடைக்குத் திரும்பிப் போக வேண்டும்: வந்த கூட்டம், திரும்பிய சீட்டு, இரண்டு புகைப்படம். பாதி மதிப்பெண் இந்தத் தாளுக்கு. ரீல்ஸுக்குக் குறைவாகவே போடுங்கள்; துபாய் மாமா போடும் லைக்கால் ஜூஸ் கடையில் கூட்டம் சேராது. ஆள் குறைவாக வந்திருந்தாலும் அந்த எண்ணையே எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே கடைப் படியேறப் போகிறவர்கள் இவர்களுடைய ஜூனியர்கள்.