கேஷ் என்னும் சொல்



"கேஷா, கடனா?" என்று நாள்தோறும் கேட்கிறோம். இந்தக் கேஷ் நமது காசுதான் என்று டன்லப் தெருவில் என் கடைக்கு வருவோரிடமெல்லாம் நெடுநாள் பெருமையடித்து வந்தேன். பள்ளியில் படிக்கும் என் மகன் அகராதியை எடுத்து வந்து, "வாப்பா, இதில் வேறு மாதிரியல்லவா போட்டிருக்கிறது!" என்றான்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் "காப்ஸா" என்ற லத்தீன் சொல்லின் வழிவந்ததாம். ஆங்கிலத்திலும் முதலில் பணப்பெட்டிக்கே அப்பெயர். பிறகுதான் உள்ளேயிருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. நம் கல்லாப்பெட்டியேதான்! கேஷியர் என்பவரும் பெட்டிக்காரரே.

அப்படியானால் காசு? அதுவும் ஆங்கிலத்தில் ஏறியிருக்கிறது, ஆனால் வேறு வாசல் வழியாக. நம் காசைப் போர்த்துக்கீசியர் "கைஷா" என்றனர். ஆங்கிலேயர் அதையும் கேஷ் ஆக்கி, சீனரின் நடுவே துளையிட்ட செப்புக்காசுக்கும் அப்பெயரையே சூட்டினர். சென்னையில் கும்பினிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய்க் கணக்கு வந்து அதை மாற்றிற்று.

ஆக, ஒலி ஒன்று, சொல் இரண்டு. என்னிடம் முன்பு கேட்டுப்போனவர்கள் தயவுசெய்து திருத்திக் கொள்ளவும்.