எந்த மலை, யாரோடு?

மனம் சரியில்லாதவரிடம் "நாலு பேரோடு மலைக்குப் போய்ட்டு வா" என்று சொல்லிவிடுவது எளிது. எந்த மலை, எந்த நாலு பேர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடை மனச்சோர்வைத் தணிக்கும் என்பதை மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பொருந்தாத கூட்டத்தோடு போய், மூச்சிரைத்துப் பின்தங்கிக் கூசிப்போனவர் அடுத்த முறை வாசலைத் தாண்டவே யோசிப்பார். எனவே உயரத்தைப் பார்க்காதீர்கள். அழைத்துப் போகிறவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "பாதியில் முடியவில்லை என்றால் என்னோடு யார் இறங்கி வருவார்கள்?" ஓர் ஆளைக் காட்டிப் பதில் வந்தால் நல்ல குழு. "அதெல்லாம் ஏறிடலாம் சார்" என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் நடைக்கு நான் பரிந்துரைப்பது மதுரையின் பசுமை நடை போன்ற குழுக்களை. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய இந்த அமைப்பு யானைமலை, அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற குன்றுகளுக்குக் காலை வேளையில் மக்களை அழைத்துப் போகிறது. மனநலத்துக்கென்று தொடங்கியதல்ல; அதுவே அதன் பலம் என்பேன். குழந்தைகளும் முதியவர்களும் வருவதால் யாரும் ஓட்டமாக ஏறுவதில்லை. மேலே ஒருவர் சமணத் துறவிகளின் கற்படுக்கையைப் பற்றியோ தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டைப் பற்றியோ பேசுவார். மற்றவர்கள் பாறையில் உட்கார்ந்து கேட்பார்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரே எண்ணம் செக்கு மாடாகச் சுற்றும். "எப்படி இருக்கீங்க?" என்பதற்குப் பதில் சொல்வதே பாரமாக இருக்கும். இங்கே அந்தக் கேள்வி முன்னால் நிற்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லில் படுத்திருந்தவரைப் பற்றிய பேச்சில், நம்மைப் பற்றிய நினைப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது.

பேச்சே வேண்டாம், ஆனால் தனியாகவும் இருக்க முடியவில்லை என்பவர்களுக்குத் திருவண்ணாமலை கிரிவலம். குறிப்பாக, துக்கத்தில் இருப்பவர்களுக்கு. ஏற்றம் கிடையாது; மலையைச் சுற்றி 14 கி.மீ. சாலை. கால் ஓய்ந்தால் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம். பௌர்ணமியன்று லட்சக்கணக்கானோர் திரள்வார்கள். நெரிசலில் படபடப்பு வருபவர்கள் வேறு நாளில், விடியற்காலையில் போகட்டும்.

காட்டுக்குள் நடக்க ஆசைப்படுபவர்கள் வனத்துறை அனுமதியுள்ள பாதைகளுக்கு மட்டுமே போக வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. வழிகாட்டிகளும் உடன் வருவார்கள். ஆனால் முன்பதிவு, பணம், பயணம் எல்லாம் சேர்வதால் இது எப்போதாவது ஒருமுறைதான் வாய்க்கும். மனதுக்கு உதவுவது அடிக்கடி போகிற சின்னக் குன்று.

வெள்ளியங்கிரி போன்ற இரவு ஏற்றங்கள்? நலமாக இருப்பவர்களுக்குச் சரி. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஓர் இரவுத் தூக்கம் கெட்டாலே மனம் கட்டுமீறி எழும்பிவிடக்கூடும். அடிக்கடி பேனிக் அட்டாக் வருகிறவர்களுக்கும் செங்குத்தான ஏற்றம் உகந்ததல்ல. ஏறும்போது துடிக்கிற நெஞ்சை அவர்கள் ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். நடந்துகொண்டே பேச முடிகிற வேகத்தில், லேசான சரிவுள்ள பாதையில் பழகட்டும்.

மாத்திரை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. லித்தியம் எடுப்பவர்களுக்கு வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். மனநல மருந்துகள் சிலவற்றால் உடல் வெயிலைத் தாங்கும் திறன் குறையும். எனவே கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். நடக்கப் போகிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். படுக்கையை விட்டு எழவே முடியாத நிலையிலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ மலையை ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

கூட்டிப் போகும் அண்ணனோ தோழியோ இறங்கியதும் "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்க வேண்டாம். பேருந்து ஏறும் முன்பே அடுத்த நடைக்கு நாள் குறித்துவிடுங்கள்.