வால் நுனியைப் படமெடுங்கள்

கேள்வி: கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறோம். 'சோனார் கெல்லா' படம் பார்த்ததிலிருந்து ஜெய்சல்மேர் கோட்டையைப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்ததில், இந்த டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். ஒருநாள் காலை வழிகாட்டியுடன் பாலைவனத்தில் நடக்கவும் ஏற்பாடு. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போட்டால் விலங்கின் பெயரை அதுவே சொல்கிறது. அதை நம்பலாமா? விலங்கியல் படிக்காத நான் போடும் படத்தால் யாருக்காவது பயன் உண்டா?

– ஒரு வாசகி, கொல்கத்தா

பதில்: பயன் உண்டு, சந்தேகமே வேண்டாம். செயலி சொல்லும் பெயரை மட்டும் உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே வந்த ஏராளமான படங்களோடு ஒப்பிட்டு அது செய்யும் ஊகம்தான் அந்தப் பெயர். ஆய்வாளருக்கு உங்களிடமிருந்து வேண்டியது சாட்சியம்: எங்கே, எப்போது பார்த்தீர்கள், உடலின் எந்தப் பாகம் படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

நரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தார் பாலைவனத்தில் இரண்டு நரிகள் உண்டு. ஒன்று இந்திய நரி, மற்றது செந்நரியின் பாலைவன வகை. தூரத்தில் பார்த்தால் குழப்பும். வால் நுனி கறுப்பாக இருந்தால் இந்திய நரி, வெள்ளையாக இருந்தால் பாலைவன நரி. முகத்தை மட்டும் அழகாக எடுத்த படத்தை வைத்துக்கொண்டு நிபுணரும் தயங்குவார். ஓடும்போது பின்னாலிருந்து எடுத்த மங்கலான படம் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

இதை இப்போதே ரவீந்திர சரோவரில் பழகலாம். உங்களுக்கு நடக்கும் தூரம்தானே. அணிலின் முதுகைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நாம் பார்த்து வளர்ந்தது மூன்று கோட்டு அணில், கொல்கத்தாவில் ஐந்து கோட்டு அணிலைப் பார்க்கலாம். பக்கவாட்டில் எடுத்த படத்தில் கோடுகளை எண்ண முடியாது, முதுகு முழுதும் தெரியவேண்டும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

ஜெய்சல்மேரில் சூரியன் கொல்கத்தாவைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக உதிக்கும். காற்று கிளம்புவதற்கு முன் போய்விட்டால், இரவில் நடமாடிய விலங்குகளின் காலடித் தடங்கள் மணலில் கலையாமல் இருக்கும். தடத்தின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், தடத்தின் அளவு கிடைத்துவிடும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். படத்தோடு இடமும் பதிவாகும்படி வைத்துவிட்டு, அறைக்குத் திரும்பியபின் ஏற்றலாம்.

அந்தச் செயலியில் ஒரு பதிவு ஆய்வுத் தரம் பெற, தேதி, இடம், படம் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போகவேண்டும். நீங்களும் இன்னொருவரும் சொன்னால்கூடப் போதும்! மைத்துனரிடம் சொல்லி ஓர் 'ஆமாம்' போடவைத்தால் தவறான பெயரும் உலகப் பொதுத் தரவுத்தளம்வரை போய்விடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிச்சயமில்லை என்றால் 'நரி' என்று போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், விவரம் தெரிந்தவர்கள் மேற்கொண்டு பார்த்துக்கொள்வார்கள்.

கானமயில் கண்ணில் பட்டால் அது பெரிய பாக்கியம். 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்கா அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. காட்டில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்பது பொதுவான கணக்கு, அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும் பறவை. இப்படி அருகிவரும் உயிர்களின் துல்லியமான இடத்தைச் செயலி தானே மறைத்துவிடும். நாம்தான் வாட்ஸ்அப்பில் ஊர்ப் பெயரோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறோம். படத்துக்காகத் துரத்தவும் வேண்டாம்.

வழிகாட்டி விஷயத்தில் ஒன்று. அங்கே சாண்டா என்று சொல்லும் முள்வால் ஓணான், செடி தின்னும் சாதுப் பிராணி. குளிர்காலத்தில் வளைக்குள் அடைந்து கிடக்கும். எண்ணெய்க்காக வளையைத் தோண்டிப் பிடித்தே அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். உங்களுக்குக் காட்டுவதற்காக என்று யாராவது தோண்ட ஆரம்பித்தால் கண்டிப்பாகத் தடுத்துவிட்டு, வளை வாயை மட்டும் நாணயத்தோடு படமெடுங்கள். அதையும் பதிவிடலாம்.