கண்ணாடி வீட்டுக்கு அந்தி வெளிச்சம்

லாஸ் ஏஞ்சலிஸ் மலைமுகட்டில், பியர் கோனிக் வடிவமைத்த ஸ்டால் வீட்டின் படம் பலருக்கும் பழக்கம். கண்ணாடிச் சுவருக்குள் இரண்டு பெண்கள், கீழே விளக்குப் புள்ளிகளாய் நகரம். ஜூலியஸ் ஷுல்மன் 1960 மே மாதம் எடுத்தது. நகர வெளிச்சம் பதிவதற்காக, வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு ஏறக்குறைய 7 நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தார். பிறகு உள்ளே பொருத்தியிருந்த ஃபிளாஷ் பல்புகள் எரிந்தன. இரண்டும் ஒரே ஃபிலிமில்.

இத்தகைய வீட்டை நண்பகலில் வெளியே நின்று எடுத்தால் கண்ணாடியில் வானமும் நீங்களும்தான் தெரிவீர்கள், அறை இருண்டுவிடும். சூரியன் இறங்கிய பின், வானத்து ஒளியும் விளக்கொளியும் சரிசமமாகிற சில நிமிடங்களே உங்களுக்கு வாய்ப்பு. கோணத்தை முன்பே தேர்ந்து, டிரைபாடை நிறுத்திவிடுங்கள். வெவ்வேறு எக்ஸ்போஷர்களில் எடுத்து வைத்தால் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேமராவை அண்ணாந்து பார்க்க விடாதீர்கள். தட்டைக் கூரையும் மெல்லிய இரும்புத் தூணும்தான் இவ்வீடுகளின் அழகு. தூண் சாய்ந்தால் எல்லாம் போயிற்று. ஷுல்மனின் துருத்திக் கேமராவில் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த முடியும். நீங்கள் கேமராவை மட்டமாக வைத்து, சற்றுப் பின்னே போய் எடுத்து, அடியில் மிஞ்சும் தரையை வெட்டிவிடுங்கள். சின்ன அறையை மண்டபமாக்கிக் காட்டும் அகல லென்ஸ், வீடு விற்பவருக்கே இருக்கட்டும்.

பொருட்களை நகர்த்தலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. பாம் ஸ்பிரிங்ஸில் ரிச்சர்ட் நியூட்ரா கட்டிய காஃப்மன் வீட்டை ஷுல்மன் 1947இல் எடுத்தபோது, வீட்டுக்கார அம்மாள் நீச்சல் குளத்தருகே சாய்ந்து படுத்திருந்தது ஓய்வுக்காக அல்ல. குளத்து விளக்கு கேமராவில் அடிக்காமல் மறைக்கத்தான்!

ஆனால் எதையும் தொடுமுன், இருப்பதை இருந்தபடி ஒரு சுற்று எடுத்துவிடுங்கள். கை மாறிக் கை மாறி உருக்குலைந்த அதே காஃப்மன் வீட்டை 1990களில் மீட்டபோது, கட்டடக் கலைஞர்கள் ஆதாரமாகக் கொண்டவற்றில் ஷுல்மனின் பழைய படங்களும் உண்டு. கூரை விளிம்பு, கண்ணாடியும் இரும்பும் சேருமிடம், கதவுப்பிடி, சுவரோடு கட்டிய அலமாரி எல்லாவற்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து, நேருக்கு நேர் எடுங்கள். தேதியையும் எந்தச் சுவர் என்பதையும் அன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் எல்லாச் சுவரும் ஒன்றாகத் தெரியும்.