தறிவீட்டில் மின்சாரம்: எர்த் கம்பியும் உயிர்காப்பும்

சென்ற மழைக்காலத்தில் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தார் சுற்றும் ராட்டையைச் சிறு மின்சார மோட்டாருடன் இணைத்திருந்தார்கள். ராட்டையின் முன்னே தரையில் ஒரு பலகை கிடந்தது. அது எதற்கு என்று வினவினோம். “மழை நாளில் கை வைத்தால் சுள்ளென்கிறது, பலகைமேல் உட்கார்ந்து சுற்றினால் ஒன்றும் தெரிவதில்லை” என்றார் அவ்வீட்டு அம்மாள். மூன்று ஆண்டுகளாக இப்படியே நடந்து வருகிறதாம். பலகை அவரைக் காத்தது மெய்யே. ஆயினும், குளித்துவிட்டு ஈரக்காலுடன் ஓடிவரும் குழந்தை பலகையைத் தேடி அதன்மேல் ஏறி நின்று ராட்டையைத் தொடப்போவதில்லை. அன்று கண்ட இக்காட்சியே இப்பாடத்தை எழுதத் தூண்டிற்று.

அந்தச் ‘சுள்’ எங்கிருந்து வந்தது? மோட்டாரின் உள்ளே சுற்றியுள்ள கம்பியின் மேற்பூச்சு நாளடைவில் தேய்ந்து, மின்சாரம் இரும்புக் கூட்டில் ஏறிவிடுகிறது. கூட்டைத் தொடுகிறவர் ஈரத்தரையில் இருந்தால், அவர் உடல் வழியே அது பூமிக்கு இறங்குகிறது. நெசவாளராகிய நமக்கு இதில் அபாயம் மிகுதி. குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் பூமிக்குள்ளேயே இருக்கின்றன. வெறுங்காலால் மிதிக்கிறோம். இழை அறாதிருக்க வேண்டுமென்று தறிக்கூடத்தை ஈரப்பதமாகவே வைத்துக்கொள்கிறோம். நூலுக்கு நன்மை செய்யும் ஈரம், மின்சாரத்திற்கும் நல்ல பாதையாகிவிடுகிறது.

“வீட்டில்தான் பியூஸ் இருக்கிறதே, அது காவாதோ?” என்று கேட்பார் பலர். சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் தடை சுமார் 1,000 ஓம் எனக் கொள்வோம். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் உடலில் பாயும். 10 முதல் 20 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்த கையை விட இயலாது போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டு அது நீடித்தால் இருதயத் துடிப்பே தாறுமாறாகக் கூடும். 5 ஆம்பியர் பியூஸோ 5,000 மில்லி ஆம்பியரைத் தாராளமாகச் செல்லவிடும். மனிதனைக் கொல்லும் மின்சாரம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே மனிதன் துடித்துக்கொண்டிருக்கையிலும் பியூஸ் போகாது. இப்போது பல வீடுகளில் பியூஸுக்குப் பதிலாக வந்துள்ள எம்.சி.பி.யும் இவ்வகையில் அதே இனந்தான். இவை கம்பி எரியாமல் காப்பதற்கு ஏற்பட்டவை. அந்த வேலையையும் செய்யவிடாமல், பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைக்கும் சாமர்த்தியசாலிகள் நம்மிடையே உண்டு. கம்பி சூடேறிப் பஞ்சும் நூலும் நிறைந்த கூடத்தில் தீப்பிடிக்க அதுவே போதும்.

இனி எர்த் கம்பியைப் பற்றிக் கூறுவோம். மூன்று முனைப் பிளக்கில் பெரிய முனைக்கு உரிய பச்சைக் கம்பி, இயந்திரத்தின் இரும்புக் கூட்டைப் பூமியோடு இணைப்பதாகும். கூட்டில் ஏறிய மின்சாரம் இக்கம்பி வழியே பெருமளவில் இறங்க, அதனால் பியூஸ் உருகி இணைப்பு அறுபட வேண்டும் என்பதே ஏற்பாடு. எர்த்தின் தடை 5 ஓம் என்றால், மற்றத் தடைகளை விட்டுவிட, 46 ஆம்பியர் பாயும்; பியூஸ் உடனே போய்விடும். எர்த் கெட்டு அதன் தடை 50 ஓம் ஆகிவிட்டாலோ 4.6 ஆம்பியரே பாயும். 5 ஆம்பியர் பியூஸ் அசையாது. கூட்டில் மின்சாரம் நின்றபடியே இருக்கும். எர்த் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அது நல்ல நிலையில் இருக்கவேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. குழாயைப் பூமியில் ஆழப் பதித்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் குழி காயாமல் தண்ணீர் ஊற்றி வருவது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். இன்று குழிமேல் சிமெண்டுத் தளம் போட்டு மூடிவிட்டு, குழி எங்கே என்றே மறந்துவிட்ட வீடுகள் ஏராளம். முற்காலத்தில் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைக் கட்டியவர்களும் உண்டு. அந்த இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாய் வந்த பின்னர் அந்த எர்த் வெறும் அலங்காரமே.

நாம் பார்த்த வீட்டில் என்ன நேர்ந்திருந்தது? உரிமம் பெற்ற மின்கம்பியாளரை அழைத்துவந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முனைகள் மூன்று இருந்தன, கம்பிகள் இரண்டே. பச்சைக் கம்பிக்கு உரிய இடம் வெறுமையாகக் கிடந்தது. மோட்டாரை மாட்டித் தந்தவர் செலவைச் சுருக்கியிருந்தார்.

எர்த்தைச் செப்பனிட்ட பின்னும் ஒன்று வேண்டும். அதுவே ஆர்.சி.சி.பி. எனப்படும் உயிர்காக்கும் சாதனம். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டு நிற்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவினதாகிய சாதனம், அவ்வளவு மின்சாரம் பூமிக்கு நழுவினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். வீடுகளுக்கு இந்த 30 அளவே ஏற்றது. வாங்கும்போது அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கவேண்டும். எனினும் இதற்கும் எல்லை உண்டு. உலர்ந்த பலகைமேல் நின்று இரு கம்பிகளையும் இரு கைகளால் பிடிப்பவனை இது காவாது. பூமிக்கு எதுவும் நழுவவில்லையே! மழைக்காலத்தில் இது அடிக்கடி விழுகிறதென்று சிலர் அதனை ஒதுக்கி நேரே கம்பியை இணைத்துவிடுகிறார்கள். நாய் குரைக்கிறதென்று நாயைக் கட்டிப்போட்டுத் திருடனுக்கு வழிவிடுவது போன்றதே இது. எங்கோ கசிவு இருக்கிறது; அதைத் தேடவேண்டும். மாதம் ஒருமுறை ‘டி’ என்னும் பொத்தானை அழுத்திப் பார்க்கவும். உடனே விழாவிட்டால் சாதனம் பழுது.

மீட்டர் வரையில் மின்வாரியத்தார் பொறுப்பு. அதற்கு அப்பால் உள்ள கம்பி நம்முடையது. தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து ஒரு மின்கம்பியாளரை ஒருநாள் அமர்த்தி எல்லார் வீட்டு எர்த்தையும் கருவியால் அளக்கச் செய்தால், தனித்தனியே ஆகும் செலவு வெகுவாகக் குறையும். கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் இதைச் செய்யலாம் அல்லவா?

பயிரிடும் அங்கத்தினர்க்குச் சில சொற்கள். பம்புசெட் அறையின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் மோட்டாருக்கும் எர்த் இன்றியமையாதது. கெப்பாசிட்டரில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கும். பன்றிக்கென்று வேலிக்கு நேரே மின்சாரம் கொடுப்பது குற்றம். அதில் யானையும் மனிதரும் மாண்ட செய்திகளைப் படித்திருக்கிறோம். நெசவாளரும் பாவு நீட்டும்போது மின்கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ கயிறு கட்டலாகாது.

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. அது தொலைவில் இருந்தால், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கழியால் கம்பியை விலக்குக. இது வீட்டு மின்சாரத்திற்கு மட்டுமே பொருந்தும். தெருவில் அறுந்து விழுந்த கம்பியின் அருகே கழியோடும் போகலாகாது. மூச்சு நின்றிருந்தால் 108க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழம் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டவரையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மின்தீயில் தண்ணீர் ஊற்றாமல், மெயினை நிறுத்தி மணலைக் கொட்டுக. கம்பி அறுந்தாலும் கம்பத்தில் பொறி பறந்தாலும், 2021இல் தொடங்கப்பெற்ற ‘மின்னகம்’ நிலையத்தை 94987 94987 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். இவ்வெண்ணையும் 108ஐயும் மின்கம்பியாளரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, மெயின் சுவிட்சின் அருகே, வீட்டுக் குழந்தைகளுக்கும் எட்டும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.