சாரணர் மலையில் ஒரு பகல்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகச் செல்லும் பெருஞ்சாலை குழித்துறையைக் கடந்து மார்த்தாண்டத்தை அடைகின்றது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சிதறால் என்னும் சிற்றூர் உளது. முன்னர்த் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1956 நவம்பர் 1ஆம் நாள் முதல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. இதனை ஒட்டிய குன்றிற்குத் திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். துறவோர் வாழ்ந்த பள்ளி ஒன்று அதன் உச்சியில் இருந்தது எனக் கேள்வியுற்ற நம் அன்பர் சிலர், ஒரு ஞாயிறன்று கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, வைகறையிற் புறப்பட்டுச் சென்றோம்.

அடிவாரத்திலிருந்து கல் பாவிய வழி மேலே செல்கின்றது. முதியோரும் இடையிடையே இளைப்பாறி ஏறிவிடலாம். உச்சியை அணுகியதும், இரு பெரும்பாறைகளுக்கு இடையே உள்ள குறுகிய இடைவெளி ஒன்றில் நுழைந்து அப்பாற் செல்லவேண்டும். அங்கே கவிந்து நிற்கும் பாறையின் முகத்தில் வரிசையாகத் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பாறையின் அடியில் மண்டபமும் கருவறைகளும் உள்ளன. அருகே சுனை ஒன்று உண்டு.

உடன் வந்த இளைஞர் ஒருவர், பாம்பின் படம் குடையாய்க் கவிந்த உருவத்தைக் கண்டதும், “இதோ நம் பகவான்! முசலிந்த நாகம் காத்த கோலம்!” என்று மனமுருகிக் கூறித் தாம் கொணர்ந்த மலரை அடியில் வைத்தார். அவர் தம்மம் தழுவி ஓராண்டும் நிறையவில்லை. நம்முடைய முன்னோரின் சின்னத்தைக் கண்டுவிட்டோம் என்னும் களிப்பு அவர் முகத்தில் இருந்தது. உண்மையைக் கூறுமிடத்து, நாமும் ஒரு கணம் அவ்வாறே எண்ண விரும்பினோம்.

ஆயினும் அவ்வுருவம் புத்தர்பிரானுடையது அன்று. முசலிந்தக் கோலத்தில் பகவான் அமர்ந்திருப்பார்; மேனியிற் சீவரம் இருக்கும். இங்கோ உருவம் ஆடையின்றி, கைகள் இரண்டும் தொங்க, நிமிர்ந்து நிற்கின்றது. இவர் சமணரின் 23ஆம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதர். முக்குடையின் கீழ் அமர்ந்திருப்போரும் தீர்த்தங்கரரே. சிங்கமும் இரு குழந்தைகளும் அருகிருக்க நிற்கும் பெண்ணுருவம் அம்பிகை என்னும் இயக்கி.

கல்வெட்டுகளும் இதனையே கூறுகின்றன. உருவங்களின் கீழ் அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. மதுரை நாட்டுச் சமண மலைகள் பலவற்றிலும் காணப்பெறும் அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் இங்கும் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண்துறவி இம்மலையின் பட்டாரியார்க்குப் பொன்னணி அளித்ததை ஒரு கல்வெட்டு குறிக்கின்றது. இம்மலையைச் சார்ந்த குரத்திகளின் பெயர் தொலைவிலுள்ள கழுகுமலையிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் பெண்கள் துறவு பூண்டு, மாணாக்கியராயும் ஆசிரியராயும் வாழ்ந்தனர் என்பதற்கு இவை சான்று.

13ஆம் நூற்றாண்டளவில் இப்பள்ளி பகவதி கோயிலாயிற்று. பெயரும் வழிபாடும் மாறின. பழைய உரிமையாளர் மறக்கப்பட்டனர். இத்தகைய மறதியின் துன்பத்தை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? அம்பலப்புழையை அடுத்த கருமாடியில், உடல் பாதி சிதைந்து வீற்றிருக்கும் புத்தர் சிலையை ஊரார் “கருமாடிக்குட்டன்” என்று அழைத்து வந்தனர். நம்முடைய பகவானுக்கு வேறு பெயர் இட்டதை எண்ணி வருந்தும் நாம், பார்சுவநாதருக்குப் புத்தர் என்று பெயரிடலாமோ? பிறர் நமக்குச் செய்ததையே நாம் பிறர்க்குச் செய்தவராவோம்.

அன்றியும் நமக்கு அது தேவையும் அன்று. பொன்னணிக் கல்வெட்டிற் காணும் அதே விக்கிரமாதித்த வரகுணன்தான், கேரளக் கடற்கரையில் விளங்கிய ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்த விகாரத்திற்கு நிலக்கொடை அளித்தவன். பாலியம் செப்பேடு எனப்படும் அச்சாசனம் புத்தர்பிரானைப் போற்றித் தொடங்குகின்றது. அவ்விகாரத்தைக் கடல் அரிப்பினின்றும் மன்னன் ஒருவன் காத்த செய்தியை மூஷிக வம்சம் என்னும் வடமொழிக் காவியம் கூறும். இவ்வளவு உறுதியான சான்று நமக்கென இருக்க, அயலார் மலையைக் கவர்வானேன்? ஒரே மன்னன் இரு சங்கத்தாரையும் பேணினான் என்பதே இம்மலை நமக்கு அளிக்கும் பெருஞ்செய்தி.

உணவு உண்டபின் மண்டப நிழலில் அமர்ந்து உபாலி சுத்தத்தை நினைவுகூர்ந்தோம். நாலந்தாவைச் சேர்ந்த இல்லறத்தானாகிய உபாலி, நிகண்டநாதபுத்தரின் சீடன். பகவானை வாதில் வெல்லச் சென்றவன், அவரது அறவுரை கேட்டுச் சரண் புகுந்தான். அப்பொழுது பகவான் மகிழ்ந்து அவனைப் பறித்துக்கொள்ளவில்லை. நன்கு ஆராய்ந்து முடிவு செய்யுமாறு பணித்தார். நெடுங்காலம் அவன் இல்லம் நிகண்டத் துறவியர்க்கு ஊருணிபோல் இருந்து வந்தது. இனியும் அவர்கள் வந்தால் உணவளிக்க வேண்டும் என்றும் கூறினார். தம்மை நாடி வந்தவனிடம் பழைய ஆசிரியர்க்கு இடவேண்டிய பிச்சையை நிறுத்தாதே என்றவர் நம் ஆசான். புதிதாகத் தம்மம் தழுவிய நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேறு உண்டோ?

இதனைக் கேட்ட இளைஞர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், “அப்படியானால் அந்த மலரை எடுத்துவிடட்டுமா, ஐயா?” என்று வினவினார். “வேண்டா தம்பி, அங்கேயே இருக்கட்டும். யார்க்கு இட்டோம் என்பதை அறிந்து இட்டதாக இருக்கட்டும்” என்றார் மூத்த அன்பர் ஒருவர்.

பொய் கூறாமை நாம் நாள்தோறும் ஏற்கும் சீலம். நாவினால் மட்டும் அன்று, வரலாற்றை எழுதும்போதும் அது காக்கப்படவேண்டும். தத்தம் ஊரில் பழஞ்சிலை காணும் அன்பர்கள், முதலில் ஆடையையும், இருக்கையையும், குடையையும், அருகிலுள்ள எழுத்தையும் நோக்குக, அறிந்தோரை வினவுக, அதன் பின்னரே பெயர் கூறுக. புத்தர் எனத் தெளிந்தால் மகிழ்ந்து போற்றுவோம். அன்று எனத் தெளிந்தாலும், தவத்தோர் வாழ்ந்த இடத்தை வணங்கி இறங்குவோம். நாமும் அவ்வாறே அன்று மாலை இறங்கினோம்.